ஒதுங்குதடம்

தடமனம் அன்றைக்கும் பாசஞ்சரை ஒதுங்குதடத்தில் நிறுத்திப் போட்டுவிட்டது. வெயில் நன்றாக ஏறிய பிறகு சொர்ணத்தாய் வீட்டுக்கு வந்து கூடையை இறக்கினாள். தண்டுக்கீரையும் சிறுகீரையும் கட்டோடு தலையைத் தொங்கப் போட்டிருந்தன.

"சமையல் முடிஞ்ச வீட்டுல கீரைக்கு என்ன சோலி?" என்றாள். கீரை மேல் தண்ணீரைத் தெளித்து ஈரச்சாக்கைப் போட்டு மூடினாள்.

அவள் புருஷன் மாசானமுத்து மேசைக்கு அடியில் மல்லாந்து கிடந்து ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை வெளியே நீட்டி, எத்தனை வண்டிக்கு வழி விட்டது என்று கேட்டார்.

"யாரு எண்ணுனா? போவுது, போவுது, போய்க்கிட்டே இருக்கு. நாங்க சன்னல் கம்பியப் பிடிச்சிக்கிட்டு வேடிக்கை பாக்கோம்."

ரயில்களை ஓட்டும் மூளைக்குத் தடமனம் என்று பெயர். ஸ்டேஷன் மாஸ்டர், கைகாட்டிக்காரர், கேட் கீப்பர் எல்லாரும் வேலையை விட்டுப் போன பிறகு, எந்த வண்டி முந்த வேண்டும், எது ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்தது. வந்த புதிதில் ஒழுங்காகத்தான் ஓட்டியது. பொங்கல் கழிந்ததிலிருந்து கரிசல்புதூர் சந்தை பாசஞ்சருக்குச் சனி பிடித்துவிட்டது. ஊருக்கு வெளியே ஒதுங்குதடத்தில் கிடக்கும். பக்கத்தில் விரைவி ரயில்கள் சாய்ந்துகொண்டு பறக்கும். கீரைக்காரிகளின் வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாகக் கை நழுவிக்கொண்டிருந்தன. குடோனில் மூட்டை சரிந்து மாசானமுத்துவின் இடுப்பு போனதிலிருந்து அந்த வீட்டில் உலை கொதிப்பதே சொர்ணத்தாயின் கூடையால்தான்.

இடுப்பு போன மனுஷருக்குப் பொழுது போக வேண்டுமே. ரயில் நிர்வாகம் கேட்டவர்க்கெல்லாம் வீட்டுத்தடம் கொடுத்தது. கட்டைவிரல் அகலத்துக்குத் தண்டவாளம், கைப்பிடி அளவு இன்ஜின்கள், பெட்டிகள். அவரவர் ஊர்ப் பக்கத்துப் பாதை எப்படி இருக்கிறதோ அதே மாதிரி. மேசையின் மூலையில் மட்டும் கைநோக்கி என்று ஒரு கண்ணாடி மணியைப் பொருத்திவிட்டுப் போனார்கள். பொருத்த வந்த பெண், "அது உங்க கையப் பாத்துப் படிக்கும் பெரியவரே" என்றாள். "என் கையப் பாத்துப் படிச்சா மூட்டை தூக்கத்தான் படிக்கும்" என்று சிரித்தார். அந்த மணி அவ்வப்போது பச்சையாக எரிந்து அணையும். அழகுக்கு எரிகிறது என்று விட்டுவிட்டார்.

மிச்சத்தை அவரே செய்தார். பழைய பேப்பரை மைதாப் பசையில் ஊறவைத்து மலை கட்டினார். பீர்க்கங்கூட்டைப் பிய்த்துச் சாயத்தில் முக்கி உடைமரம் ஆக்கினார். செங்கலை இடித்துச் சலித்துத் தண்டவாளத்துக்கு ஜல்லி போட்டார். தினமும் எறும்பைத் தட்டி, பல்லி எச்சத்தைச் சுரண்டி, தண்டவாளத்தைப் பழந்துணியால் துடைத்தால்தான் சக்கரத்துக்குக் கரண்ட் ஏறும். மழைக்காலத்தில் பலகை உப்பித் தடம் மாற்றும் பாயிண்ட் பிடித்துக்கொள்ளும். உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பார். குடோனில் கிடைக்காத நிதானம் இங்கே கிடைத்தது.

கரிசல்புதூர் மேடையில் தீக்குச்சியைச் சீவி ஒரு பெண்ணைச் செய்து நிறுத்தியிருந்தார். தலையில் கூடை, கூடையில் துளிப் பச்சைப் பாசி. விழாமல் இருக்கக் காலடியில் பசை வைத்து ஒட்டியிருந்தார். "ஏளா, இது நீதான்" என்று காட்டியபோது, "காலு கடுக்காதா அவளுக்கு?" என்று கேட்டுவிட்டு சொர்ணத்தாய் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

கீரைக்காரிகள் ஒரு நாள் அவரைத் தேடி வந்தார்கள். யந்திரம் எடுத்த முடிவுக்கு யார் காரணம் கேட்டாலும் அது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அதற்காக ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு காரணத்தூண் நின்றது. போய்க் கேட்கத்தான் இவர்களுக்குக் கூச்சம். வீட்டில் ரயிலே வைத்திருக்கிற ஆள் கேட்டால் எடுபடும் என்று பேச்சிக்கனி சொன்னாள். அவள் வாய் கொஞ்சம் நீளம். "அண்ணாச்சி பேசுனா தூணு கூட எந்திரிச்சி நிக்கும்" என்றாள். மாசானமுத்து சலவை வேட்டியை எடுத்துக் கட்டினார்.

தூணுக்கு முன்னால் கூடைகள் வரிசையாக இறங்கின. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். வருஷக்கணக்காக இந்த வண்டியில் ஏறி மூட்டை தூக்கப் போனவன் நான், ஏழை ஏறுகிற வண்டியை ஒதுக்கி வைக்க உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். பெண்கள் தலையாட்டினார்கள். பேசப் பேச அவருக்கே தன் குரல் பிடித்துப் போனது.

தூண் நிதானமாகப் பதில் சொன்னது. "பாசஞ்சர் முதலில் போக வேண்டுமா என்று மக்களிடம் கேட்டோம். எல்லோரும் ஆம் என்றார்கள். வாய் சொல்வதும் கை செய்வதும் வேறாக இருந்தன. அதனால் வீட்டுத்தடங்களில் கைகளைக் கவனித்தோம். யோசித்துச் செய்வதைக் கணக்கில் எடுப்பதில்லை. கை தானாகச் செய்வதே மக்களின் விருப்பம். இந்தப் பகுதியில் நாள்தோறும் தவறாமல் கற்றுத்தரும் கை ஒன்று உண்டு. எடுத்துக்காட்டு, கேட்பவர் வீட்டிலேயே இருக்கிறது. காட்டலாமா?"

தன் வீட்டுத்தடத்தின் சுத்தத்தைத்தான் காட்டப் போகிறது என்று நினைத்தார் மாசானமுத்து.

"காட்டு. எல்லாரும் பாக்கட்டும்."

தூணின் முகப்பில் அவர் மேசை தெரிந்தது. பீர்க்கங்கூட்டு மரம், பேப்பர் மலை. அப்புறம் ஒரு கை. குடோனில் பெட்டி விழுந்து நகம் செத்த அவருடைய சுண்டுவிரல். அந்தக் கை பாசஞ்சரை ஒதுங்குதடத்தில் தள்ளி நிறுத்தியது. பெட்டிக்குள் விளக்கு எரிய விரைவி வளைவில் சாய்ந்து வந்தது, போனது. திரும்பவும் வந்தது. பாசஞ்சர் அப்படியே நின்றது. மறுநாள் வேறு சட்டை, அதே கை. அதற்கு மறுநாளும் அதே கை. படத்தில் அவர் குரலும் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒண்ணு நின்னாத்தானவே இன்னொண்ணோட வேகம் தெரியும்."

நிற்கும் வண்டிக்கு எதிரே மேடையில் தீக்குச்சிப் பெண் கூடையோடு நின்றாள்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பேச்சிக்கனி மட்டும் கூடையைத் தூக்கிக்கொண்டே, "நல்லா வெளையாடுதீங்க அண்ணாச்சி" என்றாள். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் விலகிப் போனார்கள். அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். வீட்டுக்குப் போகிற வழியில் சொர்ணத்தாய் வழக்கம்போல அவருக்குப் பின்னால் நடந்து வந்தாள். அவள் முன்னால் போயிருந்தால் தேவலை என்று இருந்தது. முதுகு பூராவும் அவள் கண் இருப்பது போல அவருக்குப் பட்டது.

அன்று முதல் அவர் வீட்டுத்தடத்தில் விரைவி ஒதுங்கியது, பாசஞ்சர் போனது. காலையிலும் மாலையிலும் பிடிவாதமாக ஓட்டினார். கண்ணாடி மணி எரியவே இல்லை. அவர் யோசித்துச் செய்கிறார் என்று அதற்குத் தெரிந்திருந்தது. யோசிக்காமல் இருக்கப் பார்த்தார். ரேடியோவைப் போட்டுக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு ஓட்டினார். அப்படி மெய்மறந்த ஒரு நொடியில் மணி எரிந்தது. பதறிப் போய்த் திரும்பிப் பார்த்தால், கை பாசஞ்சரை நிறுத்தியிருந்தது. அந்தக் கையை மடியில் வைத்து இன்னொரு கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விளக்கு வைக்கிற நேரம். சொர்ணத்தாய் விற்காத கீரையைக் கடைந்து அவருக்குச் சோறு போட்டாள். அவர் சாப்பிட்டு எழுந்ததும் வட்டிலை எடுத்துப் போய்க் கழுவினாள். ஈரக்கையோடு வந்தவளை அவர் மேசைக்குக் கூப்பிட்டார்.

"ஏளா, என் கை கெட்டுப் போச்சி. நீ ஓட்டு. நின்னவளுக்குத்தான் வண்டி நெசமா வேணும். ஒன் கை பொய் சொல்லாது."

அவள் அந்தச் சாமானைத் தொட்டதே கிடையாது. தூண் முன்னால் அவமானப்பட்ட மனுஷன் கெஞ்சுகிறாரே என்று கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். இந்தக் குமிழ் போக, இந்தக் குமிழ் ஒதுங்கி நிற்க என்று காட்டிக் கொடுத்தார். பாசஞ்சர் மெல்லக் கிளம்பியது. அவள் முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது. மலையைச் சுற்றி, மரத்தைத் தாண்டி, கரிசல்புதூர் மேடையை நெருங்கியது. "இவளையும் ஏத்திக்கிட்டுப் போவும்" என்று தீக்குச்சிப் பெண்ணைக் காட்டினாள்.

அப்போது, அவர் முன்பே ஓட விட்டிருந்த விரைவி மலைக்குப் பின்னாலிருந்து விளக்கு எரிய வந்தது.

சொர்ணத்தாயின் கை குமிழுக்குப் போனது. பாசஞ்சர் ஒதுங்குதடத்தில் ஏறி நின்றது. விரைவி சாய்ந்துகொண்டு பறந்தது. அது போகிற வரைக்கும் அவள் ஸ்டூலில் உடம்பைக்கூடக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டாள்.

மூலையில் மணி பச்சையாக எரிந்தது. அத்தனை பிரகாசமாக அது எரிந்து அவர் பார்த்ததில்லை.

"ஏன் நிறுத்துன?" என்று கேட்டார்.

அவள் தன் கையைப் பார்த்தாள். "பெரிய வண்டி வருதுல்லா... அவுக போவட்டும், நம்ம பெறவு போவோம்னு... கை தானா போயிட்டுங்க." பிறகு மணியைப் பார்த்து, "பச்சை எரியுதே, நல்லதுதான?" என்று கேட்டாள்.

மாசானமுத்து அடுக்களைப் பக்கம் பார்த்தார். கழுவிய அவர் வட்டில் சுவரில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் அவள் தட்டு இன்னும் சோறு படாமல் கவிழ்ந்தே கிடந்தது.