ஒற்றைத் தட்டு

ஒரு மாத விடுப்பு முடிந்து இன்பராஜ் ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் டேனரிக்குத் திரும்பி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். கேட்டில் நின்ற சூப்பர்வைசர் ரஷீத் அஹமது அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"ஜும்மா தொழுகைக்குக் கெளம்பிட்டோம் இன்பா. டிரம் எல்லாம் நிறுத்தியாச்சு. நாங்க வர்றதுக்குள்ள அந்தத் தோல் அடுக்குன பேலட்டுங்கள மட்டும் ஃபோர்க்லிஃப்ட்ல எடுத்து வெளிய வெச்சுடு. மனசப் போட்டுக் கொழப்பிக்காத. உம்மேல தப்பு இல்லன்னு எல்லாரும்தான் சொல்லிட்டாங்களே."

இன்பராஜ் தலைகுனிந்தான். அந்த 'எல்லாரும்'தான் முள்ளாகக் குத்தியது. அவன் சொன்னதைத்தானே எல்லாரும் சொன்னார்கள்!

தோல் ஊறும் ராட்சத டிரம்கள் உருளும்போது அந்தக் கொட்டகையில் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. ஃபோர்க்லிஃப்டின் ஹாரன் எம்மாத்திரம்? அதனால் அங்கே ஒரு வழக்கம். வண்டிக்குப் பின்னால் கடக்கிறவர்கள் பின்பக்கத்து இரும்பில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். நான் இருக்கிறேன், நில் என்று அர்த்தம். கடந்ததும் ஒற்றைத் தட்டு. இனி நீ போகலாம். அந்த அதிர்வு சீட்டு வழியாக ஓட்டுகிறவனின் முதுகுக்கே வந்துவிடும்.

போன மாதம் அவன் வண்டி ஏறிச் செத்துப்போனாள், தோலின் ஓரம் வெட்டும் சகீனா. அன்று அவள் தட்டவே இல்லை என்று விசாரணையில் சொன்னான் இன்பராஜ். செத்தவள் தலையில் பழியைப் போடுவதுதான் எத்தனை சுலபம்! எழுந்து வந்து மறுக்கவா போகிறாள்?

அவள் தட்டினாள். இரண்டு முறை. வெளியே லாரி நிற்கிற அவசரத்தில், ஒற்றைத் தட்டுக்குக் காத்திராமல் ரிவர்ஸ் எடுத்தவன் அவன்தான். அதை நினைத்தாலே, துணியில்லாமல் கடைத்தெருவில் நிற்பதுபோல் உடம்பு கூசியது.

கொட்டகைக்குள் பட்டப்பகலிலும் இருட்டு. சுண்ணாம்பும் அமிலமும் ஈரத்தோலும் கலந்த வாடை மூக்கைத் துளைத்தது. நின்றுபோன டிரம் ஒன்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வண்டியில் ஏறி, பேலட்டைத் தூக்கி, ரிவர்ஸ் போட்டான்.

தட். தட்.

பிரேக்கை மிதித்து இறங்கிப் போய்ப் பார்த்தான். யாருமில்லை. நனைந்த தரை மட்டும் மினுங்கியது.

மறுபடி ஏறினான்.

தட். தட்.

மறுபடி இறங்கினான். யாருமில்லை. ஒற்றைத் தட்டும் வரவில்லை.

"பேஜாராப் போச்சுடா சாமி" என்று முனகினான். குரல் அவனுடையதாகவே இல்லை. எல்லாம் மனப்பிராந்தி, இனி எது தட்டினாலும் நிற்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு லீவரைத் தள்ளினான்.

தட். தட்.

நிற்கவில்லை. வண்டி பின்னால் நகர்ந்தது.

சட்டென்று இஞ்சின் செத்தது.

சாவி தானாகத் திரும்பியிருந்தது.

"அண்ணா?"

பின்னாலிருந்துதான் வந்தது குரல். விழுந்தடித்து ஓடினான். சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் குந்தியிருந்தாள் ஒரு பெண். முகம் அப்படியே சகீனா.

"நான் தபஸ்ஸும் அண்ணா, சகீனா பொண்ணு. இன்னிக்குதான் சேர்ந்தேன். எங்க அம்மி வேலைய எனக்கே குடுத்தாங்க. டிபன் மூடி உருண்டு வந்துடுச்சு, அதான்."

"நல்லவேள... தட்டுனியே தாயி."

"நான் தட்டலியே."

அவளுடைய ஒரு கையில் டிபன் பாக்ஸ். மறு கையில் மூடி.

"அந்த வழக்கம்லாம் எனக்கு இன்னும் பழகல அண்ணா. அம்மிக்குப் பழக்கம். ஆனா அன்னிக்கு மறந்துட்டாங்களாமே?" அவள் குரல் இறங்கியது. "தெருவுல எல்லாரும் அதான் சொல்றாங்க. வெக்கமா இருக்கு. எங்களால உங்களுக்கும் எவ்ளோ கஷ்டம். அம்மிய மன்னிச்சுடுங்க அண்ணா."

இன்பராஜால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அவள் காலில் விழுந்திருப்பான். அந்தத் தகுதிகூடத் தனக்கில்லை என்று பட்டது.

"மறக்கலம்மா. உங்கம்மா தட்டுனாங்க. ரெண்டு தடவ. நான்தான் நிக்கல. பொய் சொல்லிட்டேன்."

அவள் அழவில்லை. மூடியை டிபன் பாக்ஸில் வைத்து அழுத்தினாள்.

"இத ரஷீத் பாய்கிட்ட சொல்வீங்களா? எல்லாரும் இருக்கும்போது?"

"சொல்றேன்."

அவள் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள்.

இன்பராஜ் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். தொழுகை முடிந்து ஆட்கள் பேசிக்கொண்டே வரும் சத்தம் வாசலில் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் புத்தி பழைய பாதைக்கே தாவியது. இந்தப் பெண் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? பேசாமல் இருந்துவிட்டால் என்ன? ஒரு கணம்தான் நினைத்தான்.

ஒரு மாதமாக வராத அந்த ஒற்றைத் தட்டு அப்போது விழுந்தது.

அவன் முதுகில்.

சில்லென்ற ஈரமான உள்ளங்கை. சுண்ணாம்பு வாடை பின்கழுத்தில் ஏறியது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

"இன்னா இன்பா, முடிச்சுட்டியா?" என்றபடி ரஷீத் அஹமது உள்ளே வந்தார். அவர் பின்னால் ஆட்கள் எல்லாரும் வந்து நின்றார்கள்.

"பாய்... ஒண்ணு சொல்லணும்" என்றான்.

சொல்லத் தொடங்கினான். சொல்லியும் முடித்தான்.

முதுகில் விழுந்த கை மட்டும் இன்னும் விலகவில்லை.