சார்ஜ் நிக்க மாட்டேங்குதுங்க…

குடுமியான்மலை பஸ் ஸ்டாப்பில் அவள் ஒதுங்கிய இரண்டாவது நிமிஷம் மழை வலுத்தது. மூன்றாவது நிமிஷம் அவன் வந்தான்…

பைக்கை ரோட்டோரம் போட்டுவிட்டு, சட்டைக்குள் எதையோ பொத்திப் பிடித்தபடி ஓடி வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் சட்டைக்குள்ளிருந்து போனை எடுத்துப் பார்த்தான். முகம் விழுந்துவிட்டது.

“ஏங்க… தப்பா நெனைக்காதீங்க. பவர் பேங்க் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்து இமைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அதற்கு நடுவே இரண்டு கண்கள்… பரீட்சை ஹாலில் பேனாவில் மை தீர்ந்துபோனவனின் கண்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பையைத் திறந்தாள். அவளிடம் பவர் பேங்க் ஒன்றல்ல, இரண்டு இருந்தன.

போனைச் சொருகியதும் அவனுக்கு மூச்சு வந்தது. பேச்சும் வந்தது. பெயர் நிலவழகன். ஊர் குளத்தூர். வேலை, பயிர்க் கணக்கெடுப்பு. ஒவ்வொரு வயலிலும் இறங்கி நின்று, என்ன பயிர் என்று போட்டோ எடுத்துப் போனிலேயே பதிய வேண்டும். இன்றைக்கு எடுத்தது ஐம்பத்திரண்டு வயல். ஆறு மணிக்குள் அனுப்பாவிட்டால் ஐம்பத்திரண்டும் கணக்கில் வராது. இப்படி ஏற்கெனவே இரண்டு முறை ஆகிவிட்டது. இன்னொரு முறை என்றால் வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மேலதிகாரி சொல்லியிருந்தார்.

“பேட்டரி மாத்தி பதினஞ்சு நாள்கூட ஆகலைங்க,” என்றான். “கூட வேலை பாக்குற விக்ரம்தான் போனக் குடுத்து மாத்தி வாங்கியாந்தான். விராலிமலையில ஜாஸ்பின் மொபைல்ஸ்னு ஒரு கடை… போலியத் தலையில கட்டிட்டாங்க. மதியம் ஒரு மணிக்கெல்லாம் செத்துப்போகுது. சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது.”

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“அப்புறம்?”

“சும்மா விடுவேனா? நெட்ல அந்தக் கடைக்கு ஒத்த ஸ்டாரு குடுத்து நாலு வரி எழுதிப் போட்டுட்டேன்.”

அந்த நாலு வரியும் அவளுக்கு மனப்பாடம். பேட்டரி போலி என்று எழுதியிருந்ததைக்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. ‘வேலை தெரியாதவர்கள் கையில் போனைக் கொடுக்காதீர்கள்’ என்ற கடைசி வரியைப் படித்த அன்று அவள் சாப்பிடவில்லை.

போன் முப்பது சதவீதம் ஏறியது. ஐம்பத்திரண்டு வயலும் போய்ச் சேர்ந்தன. அவன் கண்களில் வெளிச்சம் வந்தது… அந்த வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“ரொம்ப தேங்ஸ்ங்க. உங்க பேரு?”

“ஜாஸ்பின்.”

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. அவள் தோளில் தொங்கிய பையைப் பார்த்தான். பையில் அச்சடித்திருந்த கடைப் பெயரைப் பார்த்தான்.

விராலிமலை பஸ் வந்து நின்றது. அவள் பவர் பேங்கை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்குக் கடைக்கு வாங்க. பேட்டரி போலின்னா, நானே கடை வாசல்ல எழுதி ஒட்டுறேன். நல்ல பேட்டரின்னா, என்ன செய்யணும்னு நீங்க யோசிச்சுட்டு வாங்க.”

பஸ் கிளம்பியது. கூரைக்கு வெளியே வந்து அவன் மழையில் நின்றுகொண்டிருந்தான்… ஒதுங்க வேண்டும் என்று தோன்றாமலே.

மறுநாள் ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டான். வரமாட்டான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, இரண்டு வருஷம் சென்னையில் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகக் கடை போட்டவள். ‘சர்வீஸ் பண்றவர் இல்லையா?’ என்று அவளிடமே கேட்பவர்கள் இன்னும் இருந்தார்கள். அப்படிக் கேட்காமல் நேராக அவளிடமே போனை நீட்டினான் இவன். அதைக் கவனிக்காததுபோல இருந்துகொண்டாள்.

போனைப் பிரித்தாள். பேட்டரியைக் கழற்றி மீட்டரில் மாட்டி, அது காட்டுவதை அவனையே பார்க்கச் சொன்னாள். புதிதில் இருந்த கொள்ளளவில் தொண்ணூற்றாறு சதவீதம் அப்படியே இருந்தது. கம்பெனி முத்திரை, எண், எல்லாம் சரி.

“நல்ல பேட்டரிதாங்க,” என்றான் சின்னக் குரலில்.

“நல்ல பேட்டரியைத்தான் போட்டேன். அதை நீங்க என்ன பாடு படுத்துறீங்கன்னுதான் தெரியல.”

“நான் என்னங்க பண்ணேன்?”

“அதப் பாக்கத்தான் இன்னிக்கு உங்க கூட வாரேன்.”

அவள் ஸ்கூட்டர் முன்னால் போயிற்று. வழி தெரிந்தவன் பின்னால் போனான்.

குளத்தூர்ப் பக்கம் நிலக்கடலை வயல்கள். நேற்றைய மழைக்கு அடையாளமே இல்லாமல் வெயில் காய்ந்தது. அவள் வரப்பில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனைப் பார்க்கத்தான் வந்தாள். ஆனாலும், வயல்காரர் ஒவ்வொருவரிடமும் நின்று விசாரித்துவிட்டே இறங்குகிற அவன் குணமும் கண்ணில் பட்டுத் தொலைத்தது…

இரண்டு மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போகும்போது போன் பைக்கின் முன்னால், தடித்த கறுப்பு உறைக்குள், நேர் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. அவள் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். உள்ளே நாற்பத்தெட்டு டிகிரி காட்டியது. திரை வெளிச்சம் எப்போதும் முழுசாக இருந்தது. டவர் எட்டாத வயல்வெளியில் சிக்னலைத் தேடித் தேடியே போன் களைத்துப்போயிருந்தது. ராத்திரி முழுக்கத் தலையணைக்கு அடியில் சார்ஜ் போட்டுத் தூங்குகிறான் என்பதும் விசாரணையில் வெளிவந்தது. இதெல்லாம் போதாதென்று, பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை எல்லா ஆப்பையும் தள்ளித் தள்ளி மூடினான். சார்ஜை மிச்சம் பிடிக்கிறானாம்.

“மூடிட்டுத் திரும்பத் திறந்தா, அது முதல்லேருந்து ஓடணும். அதுக்குத்தான் நெறைய சார்ஜ் போகும்,” என்றாள். “உங்களை இந்த வரப்புக்கும் அந்த வரப்புக்கும் நூறு தடவை ஓடவிட்டா எப்புடி இருக்கும்?”

“நீங்க சொன்னா ஓடுவேங்க…”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. காது சிவந்துபோயிற்று. அவள் குனிந்து, இல்லாத முள்ளைச் செருப்பிலிருந்து எடுத்தாள்.

உறையைக் கழற்றிவிட்டு, துணிப்பைக்குள் நிழலில் போனை வைக்கச் சொன்னாள். வயலுக்கு வயல் போகும்போது ஃபிளைட் மோடு. அப்போதும் இடம் பதிவாகும், மொத்தமாக அனுப்புவதை டவர் உள்ள இடத்துக்கு வந்து செய்துகொள்ளலாம். சூடு ஆறாமல் சார்ஜில் போடக் கூடாது. இருபதுக்குக் கீழே இறங்கவிட வேண்டாம். தினமும் நூறு வரை ஏற்ற வேண்டும் என்பதும் இல்லை, எண்பது போதும்… அவன் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டான். சாயங்காலம் ஐந்து மணிக்கு, அறுபது வயல் முடித்த பிறகும், போனில் நாற்பத்தொரு சதவீதம் மிச்சம் இருந்தது.

அதை அவளிடம் நீட்டிக் காட்டினான். அவன் கண்கள் பேசின. அவளும் பார்த்தாள்… ஒரு நொடி கூடுதலாகவே பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலையில் நெட்டில் தன் கடையைத் தேடிப் பார்த்தாள். அந்த நாலு வரியைக் காணோம். அழித்திருந்தான்.

அவளுக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். கோபம் வந்தது.

கடை முன்னால் பைக்கை நிறுத்திவிட்டு, சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொள்ள வந்தவனைப் போல அவன் சிரித்தபடி வந்தான். அவள் சிரிக்கவில்லை.

“அழிச்சிட்டீங்க. படிச்சவங்க மனசுல இருக்கிறத யார் அழிக்கிறது?”

அப்போதுதான் அவனுக்கு விஷயமே தெரிந்தது. வட்டாரத்தில் உள்ள கிராம நர்ஸ்கள் எல்லாருக்கும் வேலையே போனில்தான். அவர்கள் போன்களை எல்லாம் இவளிடமே பார்க்கக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. அந்த நாலு வரியைப் படித்துவிட்டு அவர்களின் தலைவி அழகி என்பவள் தயக்கத்தோடு பின்வாங்கிவிட்டாள். ஆவூரில் ஜாஸ்பினின் அப்பா சூசைமாணிக்கம், ஓய்வுபெற்ற வாத்தியார்; மகள் கவர்மெண்ட் பரீட்சை எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டவர். கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் கடை நிலைக்காவிட்டால் மூடிவிட்டுப் படி என்று சொல்லியிருந்தார்.

“ஊரறிய எழுதுனீங்க. தப்புன்னு தெரிஞ்சதும் யாருக்கும் தெரியாம அழிச்சிட்டீங்க. இது மன்னிப்பு இல்லைங்க… ஒளிஞ்சுக்கிறது.”

ஊர் முன்னால் தன் தப்பை ஒப்புக்கொள்வது அவனுக்குப் பழக்கமில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள்… ஐந்து நாள். ஆள் வரவில்லை. போகட்டும் என்றுதான் இருந்தாள். ஆனால் தெருவில் ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நின்றது. தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. நியாயத்தைத்தானே கேட்டேன்… அதற்குப் போய் இப்படி மனசு அடித்துக்கொள்ள வேண்டுமா?

ஒன்பதாம் நாள் மதியம், கையில் ஒரு பெரிய துணிப்பையோடு அழகி வந்தாள். பையை மேஜை மேல் கவிழ்த்தாள். பதினொரு போன்கள்.

“மிச்சத்தை அடுத்த வாரம் கொண்டாரேன்மா,” என்றவள், உட்கார்ந்துகொண்டு நடந்ததைச் சொன்னாள்.

காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ்களுக்குக் கூட்டம். நடுவில் ஒரு பையன் அனுமதி கேட்டு உள்ளே வந்தானாம். முப்பத்தெட்டு பெண்கள் முன்னால் நின்று, அந்த நாலு வரியை எழுதியது நான்தான் என்றானாம். பேட்டரி நல்லது, வேலை நல்லது, தப்பு முழுக்க என்னுடையது, அதைக் கண்டுபிடிக்க அந்தப் பெண் ஒரு நாள் முழுக்க வெயிலில் என் பின்னால் அலைந்தாள் என்றானாம். பிறகு விடாமல் அரைமணி நேரம், சார்ஜ் எப்படி நிற்க வைப்பது என்று ஒவ்வொருவர் போனிலும் காட்டிக்கொடுத்தானாம்.

“எங்க கூட்டத்துல ஆம்பளைங்க வந்து பேசுவாங்க, கேட்டுருக்கேன். தப்புன்னு சொல்லிக்கிட்டு எவனும் வந்ததில்ல,” என்ற அழகி, வாசல் பக்கம் தலையை ஆட்டினாள். “வழி காட்டுறேன்னு கூடவே வந்துச்சு அந்தத் தம்பி. உள்ள வரத்தான் மாட்டேங்குது.”

ஜாஸ்பின் எழுந்தாள்.

வெளியே எதிர்க் கடை நிழலில், பைக்கைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான். அன்று தலைகுனிந்து போனவன் இல்லை இவன்.

“ஒம்பது நாளா ஏன் வரல?” என்றாள்.

“சொல்ல வேண்டியத சொல்லாம எந்த மூஞ்சியோட வர்றது? அவங்க கூட்டம் இன்னிக்குத்தான் நடந்துச்சு. இன்னொன்னும் இருக்குங்க… இப்ப சார்ஜ் நல்லா நிக்குது. வர்றதுக்குக் காரணமே இல்லாமப் போச்சு.”

“வேணும்னா போனக் குடுங்க, கெடுத்து விடுறேன்.”

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். மழை இல்லை, மேகம்கூட இல்லை… ஆனால் அவளுக்கு உள்ளே குளிர்ந்தது.

“காரணம் இல்லாமயே வரணும்னுதாங்க ஆசை,” என்றான் அவன். “ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல… எப்பவும். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, ஜாஸ்பின்.”

தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கடைக்குள்ளிருந்து அழகி பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாஸ்பின் வெட்கப்படவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“நாங்க மாதா கோயிலுக்குப் போற குடும்பம். நீங்க வேற. ரெண்டு வீட்டுலயும் பேச்சு வரும்… எங்கப்பாகிட்ட நான் பேசுறேன். உங்க வீட்டுல?”

“எங்கம்மாகிட்ட நேத்தே சொல்லிட்டேன்.”

“என்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியேவா?”

“நீங்க மாட்டேன்னு சொல்லிட்டா, தேத்துறதுக்கு ஒரு ஆள் வேணும்ல…”

அவள் அவனையே பார்த்தாள். அந்த முகத்தில் பயம் இருந்தது. பயத்தை மறைக்கிற எண்ணம் மட்டும் இல்லை. அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

“அம்மாவுக்கு அந்த வேலை இருக்காது,” என்றாள் மெல்ல. “இந்த ஒம்பது நாளும் நான் ரோட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்… எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு.”