கூடத்துச் சுவிட்ச்

கம்ப்ரெஸர் உறுமியது, அது சரி. காற்றாடி இரைந்தது, அதுவும் சரி. இரண்டுக்கும் நடுவே, குளிரில் பல் தட்டுவதுபோல, ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்ததுதான் செல்வநாதனுக்குப் பிடிக்கவில்லை.

பெரம்பூர் பணிமனையில் முப்பது வருஷம் ரயிலின் ஏ.சி. பெட்டிகளைப் பழுது பார்த்த காது அவருடையது. எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். இதைத்தான் சொல்ல முடியவில்லை.

அந்த ஜன்னல் ஏ.சி. மிஷின் ஒரு வருஷமாக ஓடவில்லை. துறைமுகத்தில் உடைத்து விற்ற ஒரு கப்பலிலிருந்து அதை அவர் வாங்கி வந்தபோது ராயபுரத்தின் அந்தச் சந்தே கூடி வேடிக்கை பார்த்தது. முகப்பில் இருந்த குமிழ் உடைந்துபோயிருந்தது. அதற்கென்ன என்று நேராக ஒயர் இழுத்து, கூடத்துச் சுவரில் கைப்பிடி வைத்த இரும்பு மெயின் சுவிட்ச் ஒன்றை மாட்டிவிட்டார். போடுவதும் அணைப்பதும் கூடத்திலிருந்துதான். மனைவி சிலுவையம்மாளுக்குக் குளிர் ஆகாது. போர்வைக்குள்ளிருந்து, “யோவ், அதை நிறுத்துய்யா” என்பாள். “தோ நிறுத்துறேன்” என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிப்போவார்.

இன்றைக்கு அதைப் போட்டுப் பார்த்தது மகன் லியோனார்டுக்காக. கப்பல் வேலையில் இருக்கிறவன் தாயின் வருஷப் பூசைக்கு மாலையில் வருகிறான். வீட்டில் இருப்பது ஒரே அறை. வெளியே சந்தின் தார் இளகிச் செருப்பைப் பிடிக்கிற வெயில்.

“மாமா.” கொழுந்தி ஃப்ளோரன்ஸ் அடுத்த வீட்டிலிருந்து டீயோடு வந்து கூடத்திலேயே நின்றுவிட்டாள். அக்காவை அடக்கம் பண்ணியதிலிருந்து அவள் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. “அன்னிக்கும் இதே சத்தம்தான் மாமா. நாங்க இங்க குந்திக்கினு ஜெபமாலை சொல்லசொல்ல கேட்டுது. நீதான் பேரிங்குன்னே.”

“பேரிங்குதாம்மா. எண்ணெ உட்டா சரியாப்பூடும்.”

அவள் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, கோயிலுக்குப் பூ வாங்கப் போய்விட்டாள்.

அந்த மூன்று நாட்களுக்காக அவள் இன்னும் அவரை மன்னிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். போன மே மாதம் சிலுவையம்மாளுக்கு நெஞ்சு அடைத்தது. கம்பவுண்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்துக் கையை விரித்தார். அதற்கு ஒரு வாரம் முன்பே அவள் கேட்டு வைத்திருந்தாள்: “லியோனார்டு வந்து என் மூஞ்சப் பாக்காம என்னைத் தூக்கிராதய்யா.” அவன் கப்பல் வந்து சேர மூன்று நாள் இருந்தது. ஐஸ் கட்டியில் போட்டு வைக்கலாம் என்றார்கள் உறவுக்காரர்கள். செல்வநாதனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டில் ஏ.சி. இருக்கும்போது என் பெண்டாட்டி எதற்கு ஐஸில் நனைய வேண்டும்? ஜன்னல் இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டி அடைத்தார், மிஷினை முழு வேகத்தில் போட்டார், கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“உள்ள நான் ஒருத்தியாவது குந்தறேன் மாமா. அக்காவைத் தனியா உடாத” என்று ஃப்ளோரன்ஸ் அழுதாள்.

“கதவைத் தொறந்தா ஜில்லு பூடும். பேஜாரு பண்ணாத.”

சாவு வீட்டில் பிணத்தைச் சுற்றித்தான் பெண்கள் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார்கள். சிலுவையம்மாளுக்கு மட்டும் பூட்டிய கதவைப் பார்த்துச் சொன்னார்கள், மெழுகுவர்த்தியை வாசற்படியில் ஏற்றி வைத்து. இரண்டாம் நாள் பகலெல்லாம் உள்ளே டிக், டிக் என்றது. அவர் கதவில் காதை வைத்துக் கேட்டு, பேரிங் காய்ந்துவிட்டது என்றார். சாயங்காலம் சத்தம் நின்றது. “பாத்தியா, தானா சரியாப்பூட்ச்சி” என்றார்.

லியோனார்ட் வந்தான், தாயின் முகத்தைப் பார்த்தான், அழுதான். சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்ற அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஒரு வருஷத்தை அவர் ஓட்டியிருந்தார்.

இப்போது மெயின் சுவிட்சின் கைப்பிடியை இழுத்து அணைத்து, ஒயரைக் கழற்றினார். இரண்டு பலகையைச் சாய்த்து வைத்து மிஷினை ஜன்னலிலிருந்து சறுக்கி இறக்கி, கோணிமேல் போட்டுக் கூடத்துக்கு இழுத்து வந்தார். திரும்பிப் போய், பழக்கதோஷத்தில் அறைக் கதவைச் சாத்தினார். மிஷின் இருந்த ஓட்டை வழியாக வெயில் காலிக் கட்டிலின் மேல் விழுந்துகொண்டிருந்தது, கடைசியாகப் பார்க்கும்போது.

முகப்பைக் கழற்றி ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசினார். கடற்காற்றின் உப்பு படிந்து பச்சை பூத்திருந்த தகடுகளைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக, ஒன்றுகூட மடங்காமல், பொறுமையாகத் தேய்த்தார். கீழ்த்தட்டின் துளையில் கம்பியை விட்டுக் குத்தியதும் தண்ணீர் ஓடி வந்து பாதத்தை நனைத்தது. பத்து நிமிஷம் ஓடிய மிஷினுக்கு இவ்வளவு தண்ணீரா? மூடிய வீட்டின் ஈர வாடையும், அதன் அடியில் மெழுகும் சாமந்தியும் லேசாக மணத்தன. கையில் வேலை இருந்ததால் அவர் அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தார்.

காற்றாடி உருளையை விரலால் மெல்லச் சுற்றினார்.

டிக்.

பேரிங் இல்லை. உருளைக்குள் ஏதோ கிடந்தது. நான்கு திருகாணிகளைக் கழற்றிக் கவிழ்த்ததும் கோணிமேல் ஒன்று உருண்டது. நீலக் கண்ணாடி மணி.

வேளாங்கண்ணியில் அவர் வாங்கிக் கொடுத்த ஜெபமாலை. ஃப்ளோரன்ஸ்தான் அதை அக்காவின் விரல்களில் சுற்றிவிட்டாள். சவப்பெட்டியில் வைக்கும்போது கை வெறுமையாக இருந்தது. எங்கேயோ நழுவியிருக்கும் என்று சொல்லித் தன்னுடையதை வைத்துப் புதைத்தாள்.

இன்னொன்று விழுந்தது. மூன்று. நான்கு. மொத்தம் ஏழு. காற்று வெளியே வருகிற முகப்புச் சட்டங்களின் இடுக்கில் மணி தானாக நுழையாது. ஒவ்வொன்றாக வைத்து, விரலால் அழுத்தினால்தான் நுழையும். ஓடுகிற உருளையை நிறுத்தப் பார்க்கிறவர்கள் அப்படிச் செய்வார்கள்.

அவர் முகப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சட்டங்களுக்கு நடுவே, அழுக்கேறி, ஒரு துணி திணிக்கப்பட்டிருந்தது. அறையின் பக்கமிருந்து. குறடால் பிடித்து இழுத்தார். வந்தது. வந்துகொண்டே இருந்தது. பச்சைக் கரை.

அவருடைய வேட்டிக் கரைதான். சிலுவையம்மாளின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட அவரே கிழித்தது. கட்டியதும் அவரே. தானாக அவிழாத முடிச்சு அது, ஓடுகிற ரயிலில் ஒயரைக் கட்டுகிற முடிச்சு. துணியில் முடிச்சின் தழும்பு இருந்தது. முடிச்சு இல்லை. அறுக்கவில்லை. உட்கார்ந்து, பொறுமையாக, அவிழ்த்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் முதலில் உள்ளே போனவர் அவர்தான். யாரிடமும் சொல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. மல்லாந்து கிடத்தியவள் சுவர்ப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மார்போடு மடக்கி, கைகளைத் தொடைகளுக்கு நடுவே செருகி, தலைவரை போர்த்திக்கொண்டு கிடந்தாள். மார்கழியில் எப்படித் தூங்குவாளோ அப்படி. உடம்பு விறைத்தால் இழுத்துக்கொள்ளும், அதில் கால்கட்டு நழுவியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, மகன் வருவதற்குள் அவளை நிமிர்த்திக் கிடத்தினார். கை கால்கள் விறைப்பில்லாமல் லேசாகத்தான் வந்தன.

அதை அன்றைக்கே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

“சிலுவை,” என்றார். “நிறுத்தச் சொன்னியா? கேட்டுதே. எனக்குக் கேட்டுதே.”

கூப்பிடக் குரல் எழும்பாமல் அவள் மணிகளால் தட்டினாள். அவர் பேரிங் என்றார். துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு அவர் அழுதார். உள்ளங்கைக்குள் ஏழு மணிகள். எவ்வளவு இறுக்கியும் சூடேறவில்லை.

பாதம் குளிர்ந்தது.

குனிந்து பார்த்தார். தண்ணீர் காய்ந்துவிட்டிருந்தது. குளிர் வேறு இடத்திலிருந்து வந்தது. சாத்திய கதவின் அடியிலிருந்து.

உள்ளே கம்ப்ரெஸர் உறுமியது.

மிஷின் அவர் எதிரே கிடந்தது. நான்கு துண்டாக. ஒயர் இல்லாமல்.

டிக்.

“நைனா!” வாசலில் பெட்டியை வைக்கும் சத்தம். லியோனார்ட். “இன்னா நைனா, வூடு இப்டி ஜில்லுனு கீது?”

அவர் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார்.

டிக்.

எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடினார். சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. மறுபடி இழுத்தார். மறுபடி.

“யாரு நைனா உள்ள?”

கதவின் அடியிலிருந்து ஒரு நீல மணி உருண்டு வந்தது. ஈரமாக. அவசரமில்லாமல் கூடத்தைக் கடந்து அவர் காலில் முட்டி நின்றது. அடுத்தது வந்தது.