பெரியவள் எழுதாத பட்டியல்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்குப் பெரியவள் அம்மா வீட்டு மாடியேறி, தங்கையின் அறைக் கதவைத் திறந்தாள். ஒரு வருடமாகப் பூட்டியே கிடந்த அறை. புழுங்கிய துணியின் வாடையும், அதற்கடியில் இளைப்பு மருந்தின் மெல்லிய கசப்பும் முகத்தில் அடித்தன. ஜன்னலைத் திறந்தாள். வெளியே நல்ல வெயில். ஆனாலும் உள்ளே வர மனமில்லாமல் வெளிச்சம் ஜன்னலோடு நின்றுவிட்டது.

சின்னவள் இறந்து இன்றோடு சரியாக ஒரு வருடம். நாலு மணிக்கு உறவினர்கள் வருகிறார்கள். கீழே அப்பா நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சின்னவள் தன்னைப் பற்றி ஒரு வலைப்பக்கம் செய்யத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தாள். அதை முடித்து எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. வேலை பெரியவள் தலையில் விழுந்தது. அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். டாக்டர் வரும் நேரத்தைப் போடும் பக்கத்தை அங்கே அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல்லில் நாலு குறி தெரியும். அது போதாதா என்றார்கள்.

"நீ செஞ்சாதான் அவளுக்குப் பிடிக்கும்," என்று அம்மா வேறு சொல்லிவிட்டாள்.

பிடிக்குமாம்!

அக்காவுக்கும் தங்கைக்கும் நடந்த கடைசிச் சண்டையே இந்தப் பக்கத்தை வைத்துத்தான். கேட்காமல் கொள்ளாமல் அக்காவின் படத்தை அதில் போட்டு, கீழே 'உலகத்திலேயே பெரிய கோபக்காரி' என்று எழுதியிருந்தாள் சின்னவள். சோறில்லாமல் இருந்தாலும் இருப்பாள், கிண்டலில்லாமல் இருக்கமாட்டாள். பெரியவளோ அந்தப் பட்டத்தை உண்மையாக்கினாள். "படத்தை எடுக்கிற வரைக்கும் எனக்குப் போன் பண்ணாதே," என்று கத்திவிட்டு வேலைக்குப் போனாள். அன்று மதியம் போன் அதிர்ந்தது. சின்னவள். கொஞ்சம் தவிக்கட்டும் என்று அதைக் கவிழ்த்து மேசை டிராயருக்குள் போட்டாள். ஆறு முறை அதிர்ந்து ஓய்ந்தது. சாயங்காலம் அம்மா மாடியேறிப் பார்த்தபோது சின்னவள் மூச்சில்லாமல் தரையில் கிடந்தாள்.

அந்த ஆறு அழைப்புகளையும் அன்றைக்கே பெரியவள் அழித்துவிட்டாள். "யாரையாவது ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா," என்று அம்மா புலம்பும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள். குற்ற உணர்ச்சி அவளை உள்ளுக்குள் அரித்துத் தின்றது. ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை.

சின்னவளின் கம்ப்யூட்டரைப் போட்டாள். உள்ளே விசிறி சுழலத் தொடங்கியது. இழுத்தது, விக்கியது, மறுபடி இழுத்தது. வீசிங் வரும்போது சின்னவள் இப்படித்தான் மூச்சு விடுவாள்.

நோட்பேடில் 'அவளுக்குப் பிடித்தவை' என்று தலைப்பிட்டு, கீழே எண் போட்ட பட்டியல் ஒன்றை எழுதினாள். எண்ணை நாம் தட்ட வேண்டியதில்லை. அதற்குரிய குறிகளைப் போட்டுவிட்டால் 1, 2, 3 என்று பிரவுசரே போட்டுக்கொள்ளும். மழை. பூனைகள். எல்லோரையும் கிண்டல் செய்வது. மூன்றே வரி. சேவ் செய்து பிரவுசரில் திறந்தாள்.

ஆறு வரிகள் இருந்தன.

மழை இல்லை. பூனை இல்லை.

ஒன்று, மதியம் 3.10. இரண்டு, 3.12. மூன்று, 3.13. அப்படியே இறங்கி ஆறாவது வரியில் 3.20.

அவை அவள் அழித்த அழைப்புகளின் நேரங்கள். நோட்பேடைப் பார்த்தால் மழையும் பூனையும் அப்படியே இருந்தன. ஏதோ ஒரு குறியை மூட மறந்திருப்போம் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு, பட்டியலையே மொத்தமாக அழித்தாள். சேவ் செய்தாள். பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தாள்.

நோட்பேட் காலி. திரையில் அதே ஆறு வரிகள்.

"போதும்டி," என்று கிசுகிசுத்தாள். "நான்தான் எடுக்கலை. தெரியும். விட்டுடு."

விசிறி நின்றது. கம்ப்யூட்டர் நிற்கவில்லை.

அந்த அமைதியில் படிக்கட்டில் காலடி கேட்டது. அம்மா கதவருகே வந்து நின்றாள்.

"முடிஞ்சுதா? எல்லாரும் வர்ற நேரமாச்சு."

பெரியவள் எழுந்து, திரையை முதுகால் மறைத்துக்கொண்டாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? தள்ளு, பார்ப்போம்."

இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதுமே சொல்ல முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. "அம்மா, அன்னைக்கு அவ எனக்கு ஆறு தடவை போன் பண்ணா. கோவத்துல எடுக்கலை. எடுத்திருந்தா பொழைச்சிருப்பா. நான்தாம்மா அவளைக் கொன்னுட்டேன்."

கன்னத்தில் அறை விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. அம்மா அவள் தோளுக்கு மேலாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு இருக்கே," என்றாள் அம்மா.

பெரியவள் திரும்பினாள்.

ஏழு, 3.24.

அம்மா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "அது எனக்கு வந்தது. கீழதான் படுத்திருந்தேன். எப்பவும் போல டீ கேக்கத்தான் மாடியிலேருந்து கூப்பிடறான்னு நெனைச்சு கட் பண்ணிட்டேன். உங்கப்பாகிட்டகூட இதைச் சொல்லலை."

ஒரு வருடமாக அம்மா புலம்பியது யாரை நினைத்து என்று பெரியவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மாவின் கையைப் பிடித்தாள். இருவரும் வாய்விட்டு அழுதார்கள். சொல்லியாகிவிட்டது, இனி சின்னவள் நிம்மதியாகப் போய்விடுவாள் என்றுதான் பெரியவள் நினைத்தாள்.

யாரும் விசைப்பலகையைத் தொடவில்லை. பக்கம் தானாகவே ஒருமுறை மறைந்து மீண்டும் வந்தது.

எட்டு.

எண் மட்டும். பக்கத்தில் ஒன்றுமில்லை.

கீழே நாற்காலிகள் இழுபடும் சத்தம் நின்றது. "ரெண்டு பேரும் மேல என்ன பண்றீங்க?" என்று கேட்டபடி அப்பா படியேறத் தொடங்கினார்.

அவர் ஏற ஏற, எட்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக விழுந்தது. மூன்று. புள்ளி. இரண்டு.

அவர் வாசலுக்கு வந்தபோது கடைசி எண்ணும் விழுந்தது. 3.29.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதைப் படித்தார். அது என்னவென்று அவர் யாரையும் கேட்கவில்லை.

"இதை நான் அழிச்சிட்டேனே," என்றார்.