தேத்தூள் ஒத்தடம்

"காலையிலேயே என்னடி ஒப்பாரி?"

பின்வாசல் தண்ணீர்த் தொட்டியருகே நின்ற அஞ்சலை திடுக்கிட்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்த ஈரத்துணியைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தாள். மாமியார் ருக்மணிக்கு அது போதும்.

"அழல அத்தே..."

"அழலியா! கண்ணுக்குக் கீழ ரெண்டு பையத் தொங்கவிட்டுக்கிட்டு அழலங்கிறா! இந்தக் காஜா பெராங் தெரு முழுக்க என்னைப் பேய்னு பேசணும், அதானே ஒனக்கு?"

 அஞ்சலை அழவில்லை என்பது உண்மை. ஆனால் சில மாதங்களாகக் காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே உப்பிக் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரிடம் கேட்டாள். உப்பைக் குறை, தலையை உயர்த்திப் படு, டீ போட்டு ஆறிய தேத்தூளைத் துணியில் கட்டிக் கண்மேல் வை என்றார். கடைசி ஒன்றைத்தான் அவளால் செய்ய முடிந்தது.

அன்று பார்த்து அவள் அண்ணன் பொன்னுதுரை செங் தோட்டத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து நின்றான். புருஷன் கலியாணசுந்தரம் வீட்டில் இல்லை. சுதந்திர நாளுக்காக டவுனில் விளக்குச் சரம் கட்டப் போயிருந்தான்.

பொன்னுதுரை உட்காரக்கூட இல்லை.

"ஒங்க பக்கத்து வீட்டு மீனாச்சியக்காவப் பாசார்ல காய்கறி வாங்குறப்ப பாத்தேன். தெனமும் பின்னால நின்னு கண்ணத் தொடைக்கிறியாமே! மூஞ்சியப் பாரு... துணிமணிய எடு. கெளம்பு!"

"அப்படியெல்லாம் இல்லண்ணே..."

"அப்ப இது என்ன, கொசு கடிச்ச வீக்கமா?"

ருக்மணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு இழுத்தது. "கூட்டிட்டுப் போப்பா! மாமியாக்காரி கொடுமக்காரின்னு தோட்டம் பூரா சொல்லு. அவமேல ஒரு நாள் கை வெச்சிருப்பேனா... அந்த முருகனுக்குத் தெரியும்!"

இப்படிச் சண்டையில் பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பி வருவது லேசில்லை. மூன்று பேருக்குமே அது தெரியும்.

அஞ்சலை துணி முடிச்சை வெளியே எடுத்து அண்ணன் மூக்கருகே நீட்டினாள்.

"மோந்து பாரு."

"...தேத்தூளு."

"கண்ணு வீக்கத்துக்கு ஒத்தடம். இதத்தான் எல்லாரும் பாத்துட்டு அழுவுறேங்கிறீங்க. உப்பக் கொறைக்கணும், தலைய ஒசத்திப் படுக்கணும்னும் டிரெஸ்ஸரு சொன்னாரு."

"சொன்னபடி செய்யறதுதானே?"

அஞ்சலை தரையைப் பார்த்தாள். ருக்மணியின் பார்வை தன் கட்டிலுக்குப் போனது. அங்கே இரண்டு தலையணைகள். ஒன்று, ருக்மணிக்கு இளைப்பு முற்றிய மாதத்தில், 'எனக்குத் தலகாணி ஒத்துக்காது அத்தே' என்று அஞ்சலை தன்னுடையதைக் கொண்டுவந்து வைத்தது. மாமியாரும் நம்பிவிட்டாள்.

"ஒத்துக்காதுன்னியேடி..."

"ஒசந்து படுத்தாத்தானே ஒங்களுக்கு மூச்சு வருது."

"உப்பு? அது யாருக்காக?"

 ருக்மணி அடுப்படிக்குப் போய் ஓரமாக மூடியிருந்த சட்டியைத் திறந்தாள். கருவாடு.

"நேத்து பச்ச மீனு வாங்குனோமே!"

"ஒங்களுக்கும் அவருக்கும் சரியாப் போச்சு அத்தே. எனக்குக் கருவாடு புடிக்கும்..."

"புடிக்குமா! தெனமுமா புடிக்கும்!"

ருக்மணியின் குரல் உடைந்தது. மருமகள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, அந்த வீக்கத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினாள். "பாவி... நான் பேசின பேச்சுக்கு என் வாய் அழுகணும்!" அஞ்சலை அவள் தோளில் சாய்ந்தாள். இருவரும் அழுதார்கள்.

பொன்னுதுரை தலையைச் சொறிந்தான். "அத்தே... நான் தெரியாம..."

"நீ சும்மா இரு தம்பி. ஒன் தங்கச்சியக் கூட்டிட்டுத்தான் போற."

"அத்தே!" அஞ்சலை பதறினாள்.

"போடி. ஒன் அண்ணி கையால பச்ச மீனு தின்னு. தலகாணி வெச்சுத் தூங்கு. வெள்ளிக்கெழம எம்மவன அனுப்ப மாட்டேன், நானே வந்து கூப்புடுவேன். தோட்டத்துச் சனம் பூரா பாக்கட்டும்!"

பக்கத்து ஜாலான் பெண்டஹாரா வீதிக்கு நடந்துபோனாலே பாதி வழியில் உட்கார்ந்துவிடும் மனுஷி. செங் வரைக்கும் வருகிறேன் என்கிறாள்.

துணிப்பையோடு சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டாள். "ஒங்க எளப்புக்குக் கஷாயப் பொடி எங்க இருக்குன்னு தெரியுமா அத்தே?"

"தெரியும், தெரியும். போ!"

அஞ்சலை இறங்கினாள். உள்ளே போய்ப் பொடி டப்பாவை எடுத்துக் கட்டில் ஓரமாக, கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வந்து மறுபடியும் ஏறினாள்.