முப்பத்தேழு டிகிரி

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

மெட்ரோ கதவு மூடும் கடைசி நொடியில் பாய்ந்து ஏறிய கௌசி, நின்றுகொண்டிருந்தவன் மேல் நேராகப் போய் மோதினாள். அவன் கையிலிருந்த வெள்ளைப் பெட்டி விழுந்து மூடி திறந்தது. உள்ளே இருந்த வெந்நீர்ப் பைகளில் ஒன்று வெடித்துக் கொட்டியது. மற்றது இருக்கைகளுக்கு அடியில் சறுக்கிப் போனது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ... தமிழோ நீங்கள்?"

அவன் குனிந்து, பயணிகளின் பனிச் சப்பாத்துகளுக்கு நடுவே பையைத் தேடப் போனான்.

கௌசி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மூன்று சின்னக் குப்பிகள். தரையில் கொட்டிக் கிடந்தது உருகிய ஐஸ் என்று நினைத்தாள். பாவம், பழுதாகப் போகிற சாமான் போல... லவால் பகுதித் தமிழ்க் கடையில் மீன் பகுதியில் நிற்பவளுக்கு இதுகூடவா தெரியாது? சித்திக்கு வாங்கிய இறாலுக்கு மேலே இருந்த ஐஸ் பையை எடுத்துக் குப்பிகளோடு வைத்தாள். மூடியையும் இறுக்கினாள்.

அதுவும் கிழிந்திருக்க, வெறும் பையோடு திரும்பியவன் மூடியைத் திறந்து பார்த்து அலறியே விட்டான்.

"என்னங்க பண்ணீங்க?"

"ஐஸ் வைச்சனான். மீன் கடையில வேலை செய்யிறன், எனக்குத் தெரியும்..."

"இது மீன் இல்லங்க! உயிருள்ள செல்! மீன்கடைப் புத்தி..."

மீதியை விழுங்கினான். ஆனால் விழுங்க வேண்டியதைத் துப்பிய பிறகு என்ன பயன்? கௌசியின் பெரிய கண்கள் சுருங்கின. மூக்கு நுனி சிவந்தது. குளிரால் இல்லை.

அப்போதுதான் ரயில் நின்றது, ஆற்றுக்கு அடியில், சுரங்கத்துக்குள். அடுத்த நிலையத்தில் ஒரு பயணிக்கு உடல்நலமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பிரெஞ்சில் அறிவித்தார்கள்.

ஐஸை எடுத்து வெளியே போட்டுவிட்டு அவன் பெட்டிக்குள் இருந்த வெப்பமானியைப் பார்த்தான். இருபத்தாறு. முகம் வெளுத்துவிட்டது.

"எவ்வளவு இருக்க வேணும்?" என்றாள்.

"முப்பத்தேழு. எட்டு மாசமா வளர்த்தது... ஒருத்தரோட எலும்பு மஜ்ஜையில இருந்து ஸ்டெம் செல் எடுத்து, முழங்கால் குருத்தெலும்பா வளர்க்கிறோம். இது செத்தா அவருக்கு மறுபடி ஊசி குத்தணும். என் படிப்பும் போச்சு."

கௌசி குப்பிகளை உற்றுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"மனுசன்ர உடம்பு எத்தனை டிகிரி?"

"முப்பத்தேழுதான்... ஏன்?"

"அப்ப தாங்கோ." குளிர்கோட்டின் பித்தானைக் கழற்றினாள். "உங்களுக்காக இல்லை. அந்தக் குப்பிக்காக."

மூன்றையும் சால்வையில் சுற்றிக் கோட்டுக்குள், கழுத்துக்குக் கீழே அணைத்துக்கொண்டாள்.

"ஆட்டாதீங்க..."

"மூச்சு விடலாமோ?"

முதல் முறையாக அவன் சிரித்தான். பெயர் சரத். சென்னை. டவுன்டவுனில் ஆராய்ச்சி மாணவன். அவளும் தன் பெயரைச் சொன்னாள். செல்களை ஊன்றி வளர்க்கும் பஞ்சு, இறால் ஓட்டிலிருந்து செய்தது என்று அவன் சொன்னதும் அவள் புருவம் ஏறியது.

"இறால் கோதிலயோ? அப்ப மீன்கடை இல்லாமல் உங்கட முழங்கால் இல்லை!"

சரத்துக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை.

நாற்பது நிமிடம்... அவள் கை மரத்துப் போயிருக்கும். ஆனாலும் அசையவில்லை.

ரயில் நகர்ந்தது. இறங்கியதும், வெளியே மைனஸ் இருபத்து நாலு டிகிரிக் குளிரில் குப்பிகளை மாற்ற முடியாது. கோட்டுக்குள் வைத்தபடியே அவளும் அவனோடு ஆய்வுக்கூடத்துக்கு நடந்தாள்.

இரண்டு குப்பிகள் சூட்டுப் பெட்டிக்குள் போயின. மூன்றாவதிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சாயத்தில் நனைத்தான். உயிருள்ளது பச்சையாகத் தெரியும், செத்தது சிவப்பாக. அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கௌசி சுவரில் சாய்ந்து நின்றாள். கடவுளே, என் ஒரு துண்டு ஐஸால் ஒரு மனுசனுக்கு மறுபடி எலும்பில் ஊசியா?

சரத் நுண்ணோக்கியில் குனிந்தான். நிமிரவே இல்லை.

"சொல்லுங்கோவன்!"

அவன் விலகி இடம் விட்டான். அவள் பார்த்தாள். பச்சை... பச்சை... முழுக்கப் பச்சைப் புள்ளிகள். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு.

"அது என்ர ஐஸாலயோ?"

"இருக்கலாம். ஆனா மீதி அத்தனையும் உங்களால."

"சரி. வேலை முடிஞ்சுது. நான் வாறன்." கழற்றி வைத்திருந்த கோட்டின் ஒரு கைக்குள் கையை நுழைத்தாள். குரல் இன்னும் கோபமாகத்தான் இருந்தது.

"கௌசி... நான் சொன்ன வார்த்தை தப்பு. ரொம்பத் தப்பு. என் வேலைக்கு மட்டும்தான் அருமை இருக்குன்னு நெனச்சுட்டேன்."

அவள் நின்றாள். ஆனால் திரும்பவில்லை.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். ரயில்ல முதல் பத்து நிமிஷம்தான் குப்பிகளைப் பத்தி நெனச்சேன். அப்புறம்... உங்க கண்ணைத்தான் பாத்துட்டு இருந்தேன். எட்டு மாச உழைப்பு மறந்தே போச்சு. எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்கு."

நுழைத்த கையைக் கௌசி மெதுவாக வெளியே எடுத்தாள். முகம் இன்னும் சுவர்ப் பக்கம்தான்.

"நானும் பத்து நிமிசம்தான் ரயில் வெளிக்கிட வேணுமெண்டு எங்கட ஊர்ச் சாமி கோணேசரிட்டக் கும்பிட்டனான்," என்றாள். "பேந்து... வெளிக்கிடக் கூடாதெண்டு கும்பிட்டனான்."