சாந்து காயாத சுவர்

அக்னி நட்சத்திரம் பிறந்து ஒரு வாரம் ஆகியும் வேதாவின் வீட்டு உள்ளறைச் சுவர் காயவில்லை. வேங்கிக்காலில் புதிதாக எழுந்த அந்த நான்கு மாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் ஒரே அளவு வீடு, ஒரே பூச்சு. மற்ற வீட்டுச் சுவர்களெல்லாம் தோசைக்கல்லாகக் கொதித்துக்கொண்டிருக்க, இவளுடையதில் மட்டும் கை வைத்தால் சில்லென்று ஈரம் ஒட்டியது. பச்சை சிமெண்டு வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. அது என்னவென்று யோசிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவள் புருஷன் புகழேந்தி இதே கட்டடத்தில் கொத்தனார், அவள் அவனுக்குச் சித்தாள். சின்ன வீடுகளாகக் கட்டி மார்ச் முப்பத்தொன்றுக்குள் முடித்தால் முதலாளிக்கு வருமான வரி கிடையாது, ஒரு நாள் தப்பினாலும் சலுகை போச்சு என்று அந்த 2003-ஆம் வருஷம் விரட்டி விரட்டி வேலை வாங்கினார்கள். கடைசி இரண்டு நாள் இருக்கையில், அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது, புகழேந்தி காணாமல் போனான். பெங்களூருக்கு ஒருத்தியோடு ஓடிவிட்டான் என்று மேஸ்திரி கோதண்டராமன் வந்து சொன்னார். பாவம் பார்த்து, முதலாளியிடம் பேசி இந்த வீட்டையும் அவள் பெயருக்கு வாங்கித் தந்தார். அந்த மகராசனை அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனாலும், அவன் தன்னை விட்டுவிட்டுப் போயிருப்பானா என்ற ஒரே கேள்வி அவளைத் தூங்க விடவில்லை.

பக்கத்து வீட்டு ஜினமதி திரைக்கம்பி வாங்கியபோது இவளுக்கும் அதே அளவில் ஒன்று வாங்கி வந்தாள். உள்ளறைக்கு அது ஒன்றரை அடி அதிகமாக இருந்தது. வெட்டி மாட்டினார்கள். பத்தே நாளில் கம்பி வில்லாக வளைந்து, ஆணி பிடுங்கிக்கொண்டு விழுந்தது.

"உன் சுவரு ஜாஸ்தியா துன்னுட்டு ஊதுது வேதா" என்று ஜினமதி கிண்டல் செய்தாள். வேதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று பிற்பகல் கரண்டு போனது. மின்விசிறி ஓய்ந்து, தெருவில் பஸ்ஸின் இரைச்சலும் தேய்ந்து, வீடு முழுக்க அவளுடைய மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தபோது, சுவருக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது.

டக், டக்.

பூசுகிற கரணையால் சாந்துச் சட்டி விளிம்பில் இரண்டு தட்டு. மற்ற கொத்தனார்கள் சாந்து வேண்டுமென்றால் கத்துவார்கள். புகழேந்தி மட்டும் இப்படித் தட்டுவான்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அவன் ஓடிப்போகவில்லை. அப்புறம்தான் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது உறைத்தது.

பரணிலிருந்த கடப்பாரையை எடுத்து இடித்தாள். ஈரச் சாந்து கட்டி கட்டியாக விழுந்தது. செங்கல் பெயர்ந்தது. கறுப்பாக நீர் வடிந்தது. தலைமுடி. பிறகு ஒரு காது.

சத்தம் கேட்டு, மேல்மாடியில் குடியிருந்த கோதண்டராமன் இறங்கி வந்தார். ஓட்டையைப் பார்த்தார். கதவைத் தாழிட்டார்.

"சாரம் சரிஞ்சி இந்த மூலையில வுயுந்துட்டான். போலீஸ் வந்தா வேலை நின்னுடும்னு முன்னால ஒரு சுவரு வச்சிட்டோம். அதுக்குத்தான் வேற யாருக்கும் குடுக்காம வீட்டை உனக்கே குடுத்தேன். வாய மூடிக்கினு இரு."

"சுவரு வைக்கறப்போ உசுரு இருந்துச்சா மேஸ்திரி?"

அவர் கடப்பாரை மேல் கை வைத்தார்.

"மொனகினான்."

கடப்பாரையை அவர் பிடுங்கினார். முதல் அடியில் அவள் தோள்பட்டை முறிந்தது. இரண்டாவது அடியை மண்டைக்கு ஓங்கினார்.

ஓங்கிய கை கீழே வரவில்லை.

ஓட்டைக்குள்ளிருந்து நீண்ட விரல்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. நகம் இல்லை. தோல் இல்லை. இழுத்தது. முழங்கை முறிந்தது. அவர் அலறினார். மறுபடி இழுத்தது. தோள். விலா. ஓட்டை சின்னது. உடம்பு பெரியது. எலும்பு ஒவ்வொன்றாக நொறுங்க, அவர் உள்ளே போனார்.

டக், டக்.

வேதா எழுந்தாள். பால்கனியில் மிச்சம் கிடந்த சிமெண்டைக் கொட்டி, மணலும் தண்ணீரும் விட்டு, ஒற்றைக் கையால் குழைத்தாள். இரண்டு வருஷம் செய்த வேலை, பதம் தப்பவில்லை.

சட்டியோடு வந்தபோது கோதண்டராமனின் முகம் மட்டும் வெளியே இருந்தது. முனகிக்கொண்டிருந்தார். வேதா ஒரு கை சாந்தை அள்ளி அவர் வாயில் அப்பினாள். உள்ளிருந்து அந்தக் கை வந்து, அதை மட்டமாகத் தேய்த்துவிட்டது. ஒற்றைக் கண் இன்னும் இமைத்துக்கொண்டிருந்தது. அவள் அடுத்த கைச் சாந்துக்குக் குனிந்தாள்.